நான் எழுதிய பத்தொன்பது தாள்கள்

போன மாதம் ஒரு பெண் வாட்ஸப்பில் சான்றிதழ் ஒன்றை அனுப்பி, “சார், நானும் ட்ரெயின்டு ஆயிட்டேன்” என்று எழுதியிருந்தாள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் துணைநிற்பதற்கான பயிற்சி. நான்கு வீடியோ, கடைசியில் இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சங்ககிரியில் பஸ் ஏறியவள் சேலம் வந்து சேர்வதற்குள் முடித்துவிட்டாளாம். தப்பான விடையைத் தொட்டால் சிவப்பாகுமாம், சரியானது வரும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாமாம். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையையாவது பக்கத்தில் உட்கார வைத்தார்களா என்று கேட்டேன். “அது அடுத்த மாட்யூல் சார்” என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் வேலை பார்த்த ஆட்டிசம் சென்டரில் பயிற்சியாளர் என்ற பணியே இப்போது கிடையாது. வீடியோ வந்த பிறகு ஆள் எதற்கு? பன்னிரண்டு வருடம் உழைத்தவனுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். “சார் ரிட்டயர்டு ஆபீசர்” என்று ஜூனியர்கள் கிண்டல் செய்கிறார்கள். அதே ஜூனியர்கள்தான் வாரம் தவறாமல் கூப்பிட்டு, “சார், ஒரு பையன் கடிக்கிறான், எந்த ஃபார்ம் போடறது?” என்றும் கேட்கிறார்கள். கடிக்கிற பையனுக்கு ஃபார்மாம். ஒவ்வொருவரிடமும் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அதனால் ஒரே முறையாக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை, வருடத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அம்மா நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினாள். பண்ணைக்காரர் என்ன சொன்னாலும் அம்மா “சரிங்க” என்பாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரிங்க, செத்த கோழியை அள்ளச் சொன்னாலும் சரிங்க. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு வரும் பேச்சு வேறு. அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான் என்பதை, இந்தக் கட்டுரையில் எனக்கு எதிரான முதல் சாட்சியாக எழுதிக்கொள்கிறேன்.

சிறப்புக் கல்வியில் டிப்ளமோ இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வகைகளையும் பட்டியல்களையும் மனப்பாடம் செய்தேன், முதல் வகுப்பில் தேறினேன். வேலை பழகியது அதற்குப் பிறகு, சென்டரின் மேற்பார்வையாளர் ரோஸ்லின் மேடத்திடம்.

மேடம் சேலம் டவுன்காரர். ஞாயிறு காலை கோயிலில் பூசை முடிந்ததும் அதே வெள்ளைப் புடவையோடு சென்டருக்கு வந்து அலமாரியைப் பூட்டினார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறவர். குரல் உயராது. அதுதான் பயம். முதல் நாள் புதிதாகச் சேர்ந்த எங்கள் ஏழு பேரிடமும், “வாழைப்பழம் சாப்பிடச் சொல்லித் தரணும். படிப்படியா எழுதுங்க” என்றார். நான் மூன்று படி எழுதினேன்: எடு, உரி, தின்னு. அவர் என் தாளைப் பார்த்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்து, நட்டநடுவில் நகத்தால் கீறி உரிக்க ஆரம்பித்தார். பழம் பிதுங்கிக் கையெல்லாம் வழிந்தது.

“எங்க புடிக்கணும்னு நீ சொல்லல தம்பி. எந்த முனையில ஆரம்பிக்கணும்னு சொல்லல. தோலை எங்க போடணும்னும் சொல்லல.” தோலை என் மடியில் வைத்தார். “சரி, மறுபடி.”

மாலைக்குள் பதினான்கு படி ஆனது.

அடுத்தது காத்திருக்கக் கற்பது. பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டுவிட்டால் ஐந்து எண்ணும்வரை உதவக்கூடாது. மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நொடி முள்ளைப் பார்க்க வேண்டும். கேட்கச் சுலபம். எதிரே ஒரு பிள்ளை டம்ளரைப் பிடிக்கத் தடுமாறும்போது கை தானாக முன்னால் வந்துவிடும். மேடம் ஸ்கேலால் மேசையை ஒரு தட்டுத் தட்டுவார். “நீ செஞ்சுட்டா அவன் எப்போ செய்வான்? மறுபடி.”

ஒருநாள் எங்களில் ஒருவன், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “இவனுக்கு ஒண்ணும் புரியாது மேடம்” என்று சொல்லிவிட்டான். மேடம் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “இவன் காலைல சாப்பிட்டானா? எப்பவும் இப்படித்தான் பட்டன் மாத்திப் போடுவானா? இவனுக்குப் பேச்சு வருமா, இல்ல சும்மா முழிப்பானா?” அரை மணி நேரம். அவன் வாயைத் திறந்தபோதெல்லாம், “பாருங்க, ஏதோ சத்தம் போடறான்” என்றார். இந்த அரை மணி நேரத்தை எந்த வீடியோவில் வைப்பது என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தாள். ஒரு நாளுக்கு ஒரு தாள், அதில் மூன்று கட்டம்: முன்னால் நடந்தது, நடத்தை, பின்னால் நடந்தது. “எழுதலைன்னா நடக்கல” என்பது மேடத்தின் சட்டம். மாலையில் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடுவார். என் தாள்கள் சுத்தமாக இருக்கும். என் கையெழுத்தை மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் கோகுல் வந்தான். பத்தொன்பது வயது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ள குடும்பம். அப்பா துரைசாமி, அம்மா மல்லிகா. கோகுல் நல்ல உயரம். பண்ணையில் முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போவான். ஒரு முட்டை கூர்முனை மேலாக இருந்தால் நின்று திருப்பி வைத்துவிட்டுத்தான் நகர்வான். பேச்சு குறைவு. பஸ் கண்டக்டரிடம் கற்ற “உள்ள போ, உள்ள போ” என்பதைச் சந்தோஷத்துக்கும் சொல்வான், கோபத்துக்கும் சொல்வான்.

அவன் தன் தாடையிலும் காதோரத்திலும் ஓங்கி அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். அதனால்தான் கூட்டிவந்தார்கள். கன்னம் கன்றிப்போயிருந்தது. துரைசாமி, “ஏனுங்க சார், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லீன்னா எங்கியாச்சும் ஹோம்ல உட்டர்றதுதானுங்க. சத்தத்துல கோழிகூட ஒழுங்காத் தீனி எடுக்க மாட்டீங்குது” என்றார். மல்லிகாம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆக, பணயம் என்ன என்பது முதல் நாளே தெளிவு. அடிப்பது நிற்காவிட்டால் கோகுல் வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, எழுதி, கவனித்தேன். அவன் அடித்துக்கொண்டால் அம்மா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார். தலையைத் தடவுகிறார். புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. கவனத்தை ஈர்ப்பதற்கான நடத்தை. அதற்கு மருந்து, கவனம் கொடுக்காமல் இருப்பது. மேடம் என் தாளைப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார். அவனை அவர் பார்க்கவில்லை. அன்று வேறொரு பிள்ளையோடு இருந்தார்.

மல்லிகாம்மாவிடம் சொன்னேன்: “அவன் அடிச்சுக்கிட்டா நீங்க பக்கத்துல போகக்கூடாதுங்கம்மா. அவனைப் பார்க்கக்கூடாது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்னுக்குங்க. நிறுத்தின பிறகு அஞ்சு எண்ணிட்டு, அப்புறம் போங்க.”

“சரிங்க சார்.”

“கஷ்டமா இருக்கும். ஆனா கண்டிப்பா செய்யணும்.”

“சரிங்க சார்.”

அந்தச் “சரிங்க சார்” எனக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? பண்ணைக்கார வீட்டம்மா, முட்டை பொறுக்குகிறவள் மகனைப் பார்த்துச் சொன்னது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். புரிந்தது என்றும் எடுத்துக்கொண்டேன். என் அம்மா வாயில் அதே சொல் என்னவாக இருந்தது என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

தினமும் காலை வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மற்ற நேரத்து அடிகளை மல்லிகாம்மா எண்ணிச் சொல்வார். முதல் நாள் பதினொன்று. ஐந்தாம் நாள் இருபத்து மூன்று. பத்தாம் நாள் நாற்பதைத் தாண்டியது. துரைசாமி கொதித்துப்போனார். “ஏனுங்க, கொறையும்னீங்க?”

அதற்கும் எங்களிடம் பாடம் இருந்தது. கவனத்தை நிறுத்தினால் நடத்தை முதலில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். ஆகவே ஏறுவது நல்ல அறிகுறி. குறைந்தால் முறை வேலை செய்கிறது, ஏறினாலும் முறை வேலை செய்கிறது. இப்படி ஒரு பாடத்தை நம்பிக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாள் வேண்டுமானாலும் தைரியமாகத் தப்புச் செய்யலாம். “இன்னும் பத்து நாள் பொறுங்க” என்றேன். துரைசாமி பொறுக்கவில்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் பேசிவிட்டார். சென்டர் அறிக்கை வேண்டும் என்றார்கள். “தன்னைத் தாக்கும் நடத்தை நாளுக்கு நாள் தீவிரமாகிறது, வீட்டில் சமாளிப்பது கடினம்” என்று எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் பொறுமையில்லாதவர்கள் என்ற எரிச்சலோடுதான் எழுதினேன். அமாவாசை கழித்துக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

இருபதாம் நாள் அறிக்கையின் நகலைக் கொடுக்கப் போனேன். வழக்கமான நேரம் இல்லை, மத்தியானச் சாப்பாட்டு வேளை. மல்லிகாம்மா தட்டில் சோற்றைக் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குப் பிசைவதுபோல, கூழாக.

“யாருக்குங்கம்மா?”

“கோகுலுக்குத்தானுங்க.”

“எதுக்கு இப்படிக் கூழாக்கறீங்க?”

“மெல்ல மாட்டானுங்க சார். ரெண்டு மாசமாச்சுங்க. முறுக்குன்னா உசுரு அவனுக்கு, அதையே தொடறதில்லீங்க. இந்தப் பக்கமா மட்டும் ஒதுக்கி முழுங்குவான்.”

“இதை ஏங்க என்கிட்ட சொல்லல?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சொன்னனுங்களே. மொத நாளே சொன்னனுங்க. நீங்ககூட எழுதிக்கிட்டீங்க.”

வண்டியின் பெட்டியில் கோப்பு இருந்தது. முதல் நாள் குறிப்பை எடுத்தேன். என் அழகான கையெழுத்தில் இருந்தது: ‘மொறுமொறுப்பான உணவைத் தவிர்க்கிறான். ஆட்டிசம் சார்ந்த புலன் உணர்வுச் சிக்கல்.’ பக்கத்தில் ஒரு டிக். அம்மா சொன்னதை நான் கேட்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், தயாராக இருந்த ஒரு கட்டத்துக்குள் போட்டு மூடியும் இருக்கிறேன்.

கோகுலின் அருகே உட்கார்ந்து, நான் வாயைத் திறந்து காட்டி, காத்திருந்தேன். ஐந்து எண்ணுவது போதவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவனும் திறந்தான். வலது கீழ்க்கடைவாயில் ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது.

மறுநாள் காலை மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. “எல்லாத் தாளையும் எடுத்துட்டு வா. எல்லாரையும் கூப்பிடு” என்றார். ஊழியர்கள் எல்லோர் முன்னாலும் பத்தொன்பது தாள்களையும் உரக்கப் படிக்கச் சொன்னார். ‘முன்னால் நடந்தது’ கட்டத்தை மட்டும்.

“காபி குடித்தான்.”

“அடுத்தது.”

“இட்லி சாப்பிட்டான். காபி குடித்தான்.”

“அடுத்தது.”

“ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்தான்.”

“அடுத்தது.”

ஆறாவது தாளில் நிறுத்தினேன். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. “படி” என்றார் மேடம். சூடான காபி, குளிர்ந்த தண்ணீர், காபி, சாப்பாடு, காபி. அம்மா வந்து கட்டிப்பிடித்தது ‘பின்னால் நடந்தது’. எங்கள் கண் முழுக்க அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. படித்து முடித்ததும் மேடம் சொன்னார்: “ஒவ்வொரு தாளுலயும் கீழ என் கையெழுத்து இருக்கு. எட்டு தாளுல ‘நன்று’ன்னு வேற போட்டிருக்கேன். இனிமே எந்தத் திட்டம் எழுதறதுக்கு முன்னாலயும் பல்லு, காது, வயிறு, மலச்சிக்கல் — டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் மறுவேலை. அவனை நான் போய்ப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு.” சத்தமே இல்லாமல் சொன்னார்.

பல் டாக்டர் தேடியதைத் தனியாக எழுதினால் அது ஒரு பெரிய வசைப்பாட்டாகிவிடும். ஒரு இடத்தில், “மத்த பேஷன்ட் பயப்படுவாங்க” என்றார்கள். இன்னொரு இடத்தில், “ஆட்டிசத்துக்கெல்லாம் இங்க பார்க்கறதில்லை” என்றார்கள். ஆட்டிசத்துக்கு இல்லை அம்மா, பல்லுக்கு என்று நான் கத்தியதில் செக்யூரிட்டி வந்துவிட்டார். மேடம் மட்டும் பதறவில்லை. நாற்காலி, விளக்கு, திறந்த வாய், வீடு என்று நான்கு படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைச் செய்து, இரண்டு நாள் கோகுலோடு உட்கார்ந்து பழக்கினார். கடைசியில் சேலத்தில் ஒரு அரசு மருத்துவர் மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார். உள்ளே கூட்டிப்போக நர்ஸ் கதவைத் திறந்தபோது கோகுல் அவரிடமே, “உள்ள போ, உள்ள போ” என்றான். நர்ஸ் சிரித்துவிட்டு, “சரிங்க கண்டக்டர்” என்று முன்னால் நடந்தார். அந்த மாதத்தில் யாரோ சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

ஒரு வாரத்தில் அடி நாளுக்கு மூன்று, நான்கு என்று வந்தது. இரண்டு நாள் ஒன்றுமே இல்லை.

இந்தக் கதையை ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் வகுப்பில் சொன்னேன், என் தாள்களையே நகலெடுத்துக் கொடுத்தேன். வீடியோ எடுக்க வந்தவர்களிடமும் சொன்னேன். கேமராவை நிறுத்திவிட்டு, “கொஞ்சம் நெகட்டிவா இருக்கு சார், ஒரு சக்சஸ் ஸ்டோரி குடுங்க” என்றார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு பையன் பலூன் ஊதுகிறான். கேள்வித்தாளையும் வாங்கிப் பார்த்தேன். ‘நடத்தை மோசமானால் முதலில் என்ன செய்வீர்கள்?’ நான்கு விடையிலும் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் எதைத் தொட்டாலும் எனக்குச் சிவப்புதான்.

கோகுல் காப்பகத்துக்குப் போகவிருந்த நாளுக்கு முன்தினம் மேடமும் நானும் மோகனூர் ரோட்டு வீட்டுக்குப் போனோம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கையில் புதிய அறிக்கை. முற்றத்தில் ஒரு சூட்கேஸ் திறந்து கிடந்தது. கோகுலின் சட்டைகள் அடுக்கியிருந்தன.

மேடம் நின்றுகொண்டே சொன்னார்: “முதல்ல குடுத்த அறிக்கை தப்பு. தப்பு எங்களுது. அவன் வலியிலதான் அடிச்சுக்கிட்டான். இதைப் படிச்சுப் பாருங்க.”

துரைசாமி வாங்கவில்லை. “அன்னிக்கு ஒரு காயிதம், இன்னிக்கு ஒரு காயிதம். நாங்க எதைங்க நம்பறது? எடம் கெடச்சிருச்சு. இப்ப உட்டா மறுபடி தருவாங்களா? மறுபடி அடிச்சுக்க ஆரம்பிச்சான்னா நீங்களா வந்து புடிச்சுக்குவீங்க?”

நியாயமான கேள்விதான்.

மல்லிகாம்மா சூட்கேஸ் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “பையன் எங்கியும் போகலீங்க” என்றார், கணவரைப் பார்க்காமல். “அடிச்சுக்கிட்டா நான் புடிச்சுக்கறேன்.”

“ஏம் புள்ள, ஒத்தையில நீ எப்படி...”

“நான் புடிச்சுக்கறேன்னு சொல்லிப்போட்டேன்ல.”

துரைசாமி தலையைச் சொறிந்துகொண்டு, தீவன மூட்டை வந்துவிட்டது என்று ஏதோ சொல்லிப் பண்ணைப் பக்கம் போனார். மல்லிகாம்மா எழுந்து மேடத்திடம் வந்தார். “நீங்க வாங்கம்மா. வாராவாரம் வாங்க. அந்தப் படத்தைக் காட்டிச் சொல்லிக் குடுத்தா கேக்கறான்.” பிறகு என்னைப் பார்த்தார். “சார் வேண்டாமுங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. நான் செவுத்தப் பாத்து நின்னப்ப அவன் என்ற முந்தானையப் புடிச்சு இழுத்தானுங்க. ஒவ்வொருக்காவும் இழுத்தான். நீங்க சொன்னீங்கன்னு நான் திரும்பல. உங்களப் பாத்தா எனக்கு அந்த இழுப்புத்தானுங்க ஞாபகம் வருது.”

முந்தானையை இழுத்தது எந்தத் தாளிலும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் அடிகளைத்தான் எண்ணினேன், மற்ற நேரத்துக்கு அவரிடம் எண்ணிக்கையை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

வாசலுக்கு வந்து வண்டியருகே நின்றேன். உள்ளே மேடம் ஏதோ சொல்வதும் கோகுல் திருப்பிச் சொல்வதும் கேட்டது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். மேடம் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பின்சீட்டில் உட்கார்ந்தார். பாதி வழியில் காதருகே சொன்னார்:

“அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நான் பஸ்லயே வந்துக்கறேன் தம்பி.”